சின்னம் கழற்றிய கார்

அஜின்கோர்ட்,
2 மார்ச் 2025

ஜனா,

உன் போன் நம்பர் வேலை செய்யவில்லை. துவாரகாவிடம் மூன்று முறை கேட்டுத்தான் இந்த எட்மன்டன் விலாசத்தை வாங்கினேன். "அவருக்கு அங்கை நல்ல வேலை கிடைச்சிட்டுது மச்சாள். உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்று கேட்டாள். சொல்லவில்லை. அந்த மனைவியையும் ஏழு வயது மகள் அட்சயாவையும் யூனியன்வில்லில் விட்டுவிட்டு, இந்தப் பனியில் நாலு நாள் கார் ஓடிப் போயிருக்கிறாய். கால்மணி நேர ஓட்டத்தில் இருக்கும் அக்காவுக்கு ஒரு வார்த்தை இல்லை.

புது நம்பரை வாங்கிப் போனில் கேட்டாலும் "பிறகு எடுக்கிறன்" என்பாய். மெசேஜில் எழுத எனக்குப் பயம். அதனால் கடிதம்.

போன சனிக்கிழமை ஷெப்பர்ட் றோட்டுத் தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போனேன். வாசலில் ஒரு மனிதர் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். பெயர் இராஜரட்ணம். நோட்டீசில் அவர் மனைவியின் படம். வேரோனிக்கா, வயது அறுபத்தொன்று, முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஜனவரி பதினாறாம் திகதி காலை ஐந்தரைக்குப் பஸ்ஸுக்கு நடந்து போனபோது ஒரு கார் அடித்துவிட்டுப் போய்விட்டது. ஆள் இறந்துவிட்டார். இடம், நீ இரவு வேலை முடிந்து பெரிய றோட்டைத் தவிர்த்துக் குறுக்கே வருவாயே, அந்தத் தெரு. கீழே எழுதியிருந்தது: வெள்ளி நிறக் கார், முன்பக்கக் கம்பனிச் சின்னத்தின் உடைந்த துண்டு றோட்டில் கிடைத்திருக்கிறது.

அவர் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, உங்கட பக்கம் ஆரும் காருக்கு முன்பக்கம் திருத்தினவையோ எண்டு ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ. பொலிஸ் கராஜுகளிலை எல்லாம் கேட்டிட்டினம். ஒருத்தரும் கொண்டு போகேல்லையாம்."

நான் நோட்டீசை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மரக்கறி வாங்கவில்லை.

நீ என்னிடம் வந்தது அந்த விபத்து நடந்து மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. "மான் குறுக்கை பாஞ்சிட்டுது அக்கா. இன்சூரன்சுக்குச் சொன்னா காசை ஏத்திப்போடுவாங்கள். இப்ப பெடியள் எல்லாம் சின்னத்தைக் கழட்டிப்போட்டுக் கறுப்பு அடிக்கிறாங்கள். நீங்க வேலையிலை உதுதானே செய்யிறனீங்கள்?" என்றாய். நீ கல்யாணம் கட்டிய பதினொரு வருடத்தில் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கார் உதிரிப்பாகக் கம்பனியில் பத்தொன்பது வருடம் பிளாஸ்ரிக்குக்குப் பெயின்ற் அடித்திருக்கிறேன். என் ஆட்கள் ஒருவருக்கும் அந்த வேலை என்னவென்று தெரியாது. உனக்காவது தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

காரின் முன்பக்கக் கிறில்லைக் கழற்றி பேஸ்மென்றுக்குக் கொண்டு வந்தோம். குளிரில் பெயின்ற் பிடிக்காது. பாதி உடைந்திருந்த சின்னத்தைத் தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடுகாட்டி, பின்னால் மீன்பிடி நூலை விட்டு அறுத்து எடுத்தேன். ஓட்டையைப் பசையால் அடைத்து, காயவிட்டு, தண்ணீர் தொட்டு உரஞ்சினேன். முதலில் பிளாஸ்ரிக்குப் பிடிமானப் பூச்சு, பிறகு பிறைமர், பிறகு மினுக்கம் குறைந்த கறுப்பு மூன்று தரம். நீ லைற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பின்னேரம் திருப்பிப் பூட்டியபோது அந்த இடத்தில் ஒரு சின்னம் இருந்ததென்று கம்பனிக்காரனே கண்டுபிடித்திருக்க மாட்டான்.

ஒரு சொல் எழுது. அது மான்தானா?

அக்கா


எட்மன்டன்,
12 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நானாகச் சொல்லாமல் வந்தது பிழைதான். வேலையை உடனே ஏற்கச் சொன்னார்கள். அட்சயாவின் பள்ளிக்கூடம் முடிந்ததும் துவாரகாவையும் பிள்ளையையும் இங்கே எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

அது மான். ரொறன்ரோவில் வெள்ளி நிறக் கார் எத்தனை ஆயிரம் ஓடுகிறது என்று யோசித்தீர்களா? யாரோ ஒருவர் கடை வாசலில் ஒரு பேப்பரைத் தந்தவுடன் சொந்தத் தம்பியைக் கொலைகாரன் என்று நினைத்துவிட்டீர்கள். அப்பா இருந்திருந்தால் உங்களுக்கு இந்தத் துணிச்சல் வந்திருக்காது.

இன்னொன்றும் கேட்கிறேன். உரஞ்சத் தொடங்க முதல் கிறில்லின் இடுக்கிலிருந்து நீங்கள் எதையோ இழுத்து எடுத்தீர்கள். ஒரு விரல் நீளத்துக்கு நீலக் கம்பளி நூல். லைற்றுக்கு நேரே பிடித்துப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். பிறகு அதைக் கடதாசியில் சுற்றிக் குப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, "நானூறாம் நம்பர் உரஞ்சிற பேப்பரை எடு" என்றீர்கள். உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, பூசிய பூச்சுக் கணக்குவரை இருக்கிறது. அந்த நூல் மட்டும் இல்லை.

அப்போது கேட்காததை இப்போது ஏன் கேட்கிறீர்கள்? பெயின்ற் அடித்தது உங்கள் கை. யாராவது விசாரித்தால் உங்களையும்தான் விசாரிப்பார்கள். இந்தக் கதையை இதோடு விடுங்கள்.

தம்பி
ஜனார்த்தன்


அஜின்கோர்ட்,
21 மார்ச் 2025

ஜனா,

ஓம். நூலைக் கண்டேன். அது எந்த மிருகத்திலும் இருந்து வந்ததில்லை என்று அந்த நிமிடமே தெரியும். கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாய் என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. மத்தியானம் உனக்கு நண்டுக்குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டுப் போகட்டும், அதற்குள் ஒன்றையும் கிளற வேண்டாம் என்று என் மனதுக்குள் ஓடியது அவ்வளவுதான். நீ இதை எழுதாமல் விட்டிருந்தால் நானும் என்னையே ஏமாற்றிக்கொண்டு இருந்திருப்பேன். எழுதிவிட்டாய். இனி முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வேரோனிக்காவுக்காக அவர்களுடைய தேவாலயத்தில் பூசை என்று நோட்டீசில் கிடந்தது. போய்க் கடைசி வரிசை வாங்கிலில் இருந்தேன். பூசை முடிந்து எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். இராஜரட்ணம் அண்ணை என் பக்கத்தில் வந்து இருந்தார். யார் எவர் என்று கேட்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"பதினாலு வருசமா ஒருநாள் பிந்திப் போனதில்லைப் பிள்ளை. ஆறரைக்கு அவவின்ரை வேலையிலையிருந்து எனக்குப் போன். ஏன் இன்னும் வரேல்லை எண்டு கேக்கினம். பஸ் பிந்தியிருக்கும் எண்டு சொல்லிப்போட்டு நான் திருப்பிப் படுத்திட்டன்." இதைச் சொல்லும்போது அவர் கை கோப்பையைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டே இருந்தது.

நடைபாதைப் பனி வழிக்கிற மெஷின்காரன்தான் கண்டிருக்கிறான். அதற்கிடையில் நாற்பது நிமிடம். இடுப்பு எலும்பு உடைந்து உள்ளே இரத்தம் ஓடியிருக்கிறது. அம்புலன்ஸ் உடனே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். நாற்பது நிமிடம் அந்தக் குளிரில் கிடந்தபோது அறிவு இருந்ததா இல்லையா என்பதுதான் அவரை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கிறது. "அறிவில்லாமல் கிடந்தவ எண்டு ஆரும் சொன்னா எனக்குக் காணும்," என்றார்.

அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான். நீ இறங்கினாயா? அவருக்கு உயிர் இருந்ததா?

பொய் எழுதுவதென்றால் எழுதாதே.

பாலேஸ்வரி


எட்மன்டன்,
3 ஏப்ரல் 2025

அக்கா,

எட்டுத் தரம் எழுதிக் கிழித்தேன்.

இறங்கினேன்.

அன்று மார்க்கம் களஞ்சியத்தில் தொடர்ந்து ஆறாவது இரவு வேலை. குடிக்கவில்லை, போன் பார்க்கவில்லை. கண் மூடிவிட்டது, அவ்வளவுதான். சத்தத்தில் முழித்தேன். காரை நிற்பாட்டி இறங்கி, "ஐயோ அம்மா" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் பனிக் குவியலில் சாய்ந்து, பாதி நிமிர்ந்து இருந்தபடி கிடந்தார். நீலக் கம்பளிச் சால்வை. இரத்தம் ஒன்றும் வெளியே தெரியவில்லை. நான் கத்தியது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"நீங்க தமிழோ தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் அன்ரி. எங்கை நோகுது?"

"கால் ஒண்டும் தெரியேல்லை. தம்பி, என்ரை வேலைக்கு ஒருக்கா போன் அடிச்சுச் சொல்லுங்கோ. நான் இண்டைக்குப் பிந்தித்தான் வருவன் எண்டு."

என் போன் காருக்குள் கிடந்தது. "ஓம் அன்ரி, போனை எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொன்னேன். உண்மையாகவே அதற்குத்தான் போனேன். நம்புவதென்றால் நம்புங்கள். கதவைத் திறந்து போனைக் கையில் எடுத்தேன். அதற்குப் பக்கத்து இருக்கையில் பிரஜாவுரிமை தரப்போவதாக வந்த சிற்றிசன்சிப் கடிதம் கிடந்தது. முதல் நாள்தான் வந்தது, வேலையில் காட்டுவதற்கு எடுத்துப் போயிருந்தேன். அட்சயா அதன் மூலையில் ஒரு கனடாக் கொடி கீறியிருந்தாள். பொலிஸ் வந்தால் கேஸ், கேஸ் வந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்று ஒரு நினைப்பு. கதவைச் சாத்தினேன். கார் ஓடத் தொடங்கியது. அதை நான்தான் ஓட்டினேன் என்று எனக்குத் தெரியும். வேறு மாதிரி எழுதப் பார்த்தேன், முடியவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் நான் போன பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ வருவார்கள், பஸ் வருகிற றோட்டுக் கிட்டத்தானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தினேன்.

மே பதின்மூன்றாம் திகதி பிரஜாவுரிமைச் சத்தியப்பிரமாணம். கம்பியூட்டரில்தான், இங்கிருந்தே எடுக்கலாம். அதுவரைக்கும் பொறுங்கள். அதற்குப் பிறகு திருப்பி அனுப்ப முடியாது, சிறைக்குப் போனாலும் பிள்ளை இருக்கும் நாட்டில் இருப்பேன். நானாகவே வந்து பொலிசில் சொல்கிறேன். அட்சயாமேல் ஆணை.

ஜனா


அஜின்கோர்ட்,
14 ஏப்ரல் 2025

ஜனா,

உன் கடிதத்தை வேலைத்தலத்துக் கழிவறையில் வைத்து வாசித்தேன். வீட்டில் வைத்து வாசிக்கத் துணிவில்லை. அன்று நான் பூசிய பம்பர்கள் பதினேழு திரும்பி வந்தன, பெயின்ற் வழிந்திருக்கிறதென்று. மேற்பார்வையாளன் றோய் நல்ல பெடியன். "அன்ரி, சுகமில்லாட்டில் வீட்டை போங்கோ" என்றான். தமிழ்ப் பெடியன்தான். அவன் "அன்ரி" என்றதும் நான் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டேன்.

வேரோனிக்கா உன்னை நம்பி அந்தப் பனியில் இருந்திருக்கிறார். நாற்பது நிமிடமும் நீ போனோடு வருகிறாய் என்று பார்த்துக்கொண்டு. அடித்ததைக்கூட ஒரு மனிதனுக்கு நடக்கக்கூடியது என்று நான் விளங்கிக்கொள்வேன். இதை விளங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. அம்மா செத்த பிறகு உன்னைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவள் நான். எந்த இடத்தில் பிழை விட்டேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் பொறுக்கிறேன். மே பதின்மூன்று. உனக்காக இல்லை என்று எழுத ஆசை. உனக்காகத்தான். எனக்கு அந்தளவு நேர்மைதான் இருக்கிறது.

அதுவரை அந்தக் கடைப் பக்கம் போகமாட்டேன். இப்போது மரக்கறிக்கு ஃபின்ச் றோட்டுக் கடை.

அக்கா


எட்மன்டன்,
16 மே 2025

அன்புள்ள அக்கா,

சத்தியப்பிரமாணம் முடிந்தது. கையை உயர்த்திக்கொண்டு சொன்னேன். துவாரகாவும் பிள்ளையும் அங்கே வீட்டிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்சயா கை தட்டினாள்.

நீங்கள் கோபிக்காமல் இதை வாசிக்க வேண்டும். இரண்டு இரவு யோசித்தேன். காரைப் போன மாதமே பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டேன், நசுக்கிவிட்டார்கள். பொலிசிடம் அந்தத் துண்டைத் தவிர ஒன்றும் இல்லை, அதைப் பொருத்திப் பார்க்கக் காரும் இல்லை. நான் போய்ச் சொல்வதால் அந்த அன்ரி எழும்பி வரப்போவதில்லை. என் பிள்ளைக்குத்தான் அப்பா இல்லாமல் போகும். துவாரகாவால் தனியாக வீட்டுக் கடனைக் கட்ட முடியாது. இரண்டு குடும்பம் அழிவதால் யாருக்கு என்ன?

நான் சாகிறவரைக்கும் இதைச் சுமப்பேன். அது தண்டனை இல்லையா?

இனி இதை அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் வாய் திறக்காவிட்டால் இது நடக்கவேயில்லை. என் கடிதங்களை எரித்துவிடுங்கள். ஜூலையில் அட்சயாவின் பிறந்தநாளுக்கு வருகிறேன், நேரில் கதைப்போம். உங்களைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் அக்கா?

உங்கள் தம்பி
ஜனா


அஜின்கோர்ட்,
27 மே 2025

ஜனா,

இந்தக் கடிதம் கிடைக்க முதல் உன் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள். ஆனாலும் என்ன நடந்ததென்று என் கையால் எழுத வேண்டும்.

போன சனிக்கிழமை ஷெப்பர்ட் கடைக்குப் போனேன். இராஜரட்ணம் அண்ணை நின்றார். இப்போது வெயில், தொப்பி போட்டிருந்தார். கையில் அதே நோட்டீஸ். "அண்ணை, உங்கட வீட்டை வந்து கதைக்கலாமோ?" என்று கேட்டேன். ஏதோ தடயம் கிடைத்துவிட்டதென்று விளங்கிக்கொண்டார். அடுத்த நாள் வரச் சொன்னார். போனேன். இரண்டு கதிரையை எதிரெதிரே போட்டு, பழரசம் ஊற்றி வைத்திருந்தார். என்னை ஒரு நல்ல மனுசி என்று நினைத்துக்கொண்டு.

எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயர், பெயின்ற், நூல், நான் கடை மாற்றியது. அறிவில்லாமல் கிடந்தார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். அவர் முகத்தைக் கண்டதும் முடியவில்லை. வேரோனிக்கா கேட்டதைச் சொன்னேன், வேலைக்குச் சொல்லச் சொன்னதை.

அவர் பழரசத்தைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்: "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மார்ச்சிலை எழுதிக் கேட்டனான் அண்ணை. ஏப்ரலிலை முழுசாத் தெரியும். நூலைக் கண்டது ஜனவரியிலை."

"பூசைக்கு வந்து எனக்குப் பக்கத்திலை இருந்தது நீங்கதானே?"

"ஓம்."

"நான் நேற்றும் அந்தக் கடை வாசலிலைதான் நிண்டனான்," என்றார். "நாலு மாசமா ஒவ்வொரு சனியும் நிண்டனான். நீங்க மரக்கறி வாங்க வேறை கடைக்குப் போனனீங்கள்."

சத்தம் போடவில்லை. எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார். நான் சப்பாத்துப் போட்டு முடிகிறவரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை காலை பொலிசுக்குப் போனேன். உன் மூன்று கடிதங்களையும் கொடுத்தேன். பெயின்ற் அடித்ததைச் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்த பெண் பொலிஸ் பேனாவை வைத்துவிட்டு, லோயர் வேண்டுமா என்று கேட்டாள். என்மீதும் கேஸ் வரும்.

துவாரகாவுக்கு நானே போய்ச் சொன்னேன். அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, "இனி இந்த வாசல் மிதிக்காதேங்கோ" என்றாள்.

நீ ஆணையிட்டாய், நான் நம்பினேன். வேரோனிக்காவும் நம்பினார். எனக்கு உயிர் மிச்சம் இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

அக்கா


ரொறன்ரோ தடுப்பு நிலையம்,
24 நவம்பர் 2025

அக்கா,

உங்களுக்கு எழுத இப்போதுதான் அனுமதி கிடைத்தது. ஆறு மாதமாக மனதுக்குள் எழுதிய கடிதங்களில் ஒன்றுகூட இங்கே எழுதக்கூடியதில்லை. அவற்றில் உங்களைப் பேசாத பேச்சில்லை.

குற்றத்தை ஏற்றுக்கொண்டேன் என்று அறிந்திருப்பீர்கள். அந்தக் கடிதங்களை வழக்கில் எடுக்கவிடாமல் வாதாடிப் பார்க்கலாம் என்று லோயர் அருள்நாயகம் சொன்னார். சரி என்றுதான் நினைத்திருந்தேன். வழக்கு எடுத்த நாள் கோர்ட்டில் இராஜரட்ணம் ஐயா எழும்பி மொழிபெயர்ப்பாளரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் ஒரு கேள்வி கேட்டார். நான் அவர் மனைவியிடம் திரும்பி வருகிறேன் என்று சொன்னது உண்மையா என்று. நீதிபதி இப்போது கேட்கக்கூடாது என்று அவரை இருத்திவிட்டார். அவர் இருந்து தலையைக் குனிந்துகொண்டார். நான் லோயரைக் கூப்பிட்டு, ஒன்றும் வாதாட வேண்டாம் என்றேன். என் வாயால் ஓம் என்று சொல்ல ஒரு இடம் வேண்டும் போலிருந்தது. சொன்னேன். தண்டனை ஜனவரியில் தீர்ப்பார்கள். நாலு வருடமாவது இருக்கும் என்கிறார் அருள்நாயகம்.

துவாரகா வருவதில்லை. வீட்டை விற்கப் போட்டிருக்கிறாளாம். அட்சயா ஒரு நாள் போனில் வந்தாள். "அப்பா, நீங்கள் அந்த அன்ரிக்கு ஏன் ஹெல்ப் பண்ணேல்லை?" என்று கேட்டாள். நேரம் முடிந்து கட் ஆகிவிட்டது.

உங்கள் கேஸ் பெப்ரவரியில் என்று அறிந்தேன். வேலையும் போய்விட்டதாம். உங்களுக்காகச் சாட்சி சொல்ல வரலாமா என்று உங்கள் லோயர் கேட்டிருந்தார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மான் என்று சொல்லி உங்களை ஏமாற்றிக் கறுப்பு அடிக்க வைத்தேன் என்று சொல்வேன். அது உண்மை. நூலை எடுத்த பிறகு நீங்கள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி அரச தரப்பு கேட்டால், அதையும் சொல்வேன். அதுவும் உண்மை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. அன்றைக்குக் கோர்ட்டில் மூன்றாவது வரிசையில் நீங்கள் தனியாக இருந்ததைக் கண்டேன். பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

ஜனார்த்தன்